சென்னைல எங்க வீடு பாக்குறது? டிராவல், பாதுகாப்பு ரெண்டையும் வச்சு முடிவு பண்ண ஒரு முழு வழிகாட்டி

சென்னைக்கு வேலைக்கு வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த ஏரியா நல்ல ஏரியா?"ன்னுதான். ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, ஒருத்தர் வேளச்சேரிம்பாரு, இன்னொருத்தர் வேளச்சேரி மட்டும் வேணவே வேணாம் மழை வந்தா முழுகிரும்பாரு, சொந்தக்காரர் ஒருத்தர் கூடுவாஞ்சேரில பாதி வாடகைக்கு கிடைக்கும்பாரு, கடைசில லீவு முடியப்போற அவசரத்துல புரோக்கர் காட்டுன மூணாவது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துருவோம். என்னைக் கேட்டா ஏரியா பேர்ல இருந்து ஆரம்பிக்கவே கூடாதுங்க. முதல்ல லைன், அப்புறம் ஸ்டாப், அப்புறம் ஸ்டாப்ல இருந்து வாசப்படி வரைக்கும் உள்ள நடை, கடைசியாத்தான் வீடு. வீடு அழகா இருக்குன்னு முதல்லயே மனசுல விழுந்துருச்சுன்னா மத்த மூணுக்கும் நாமளே சாக்கு சொல்ல ஆரம்பிச்சிருவோம், அதான் இந்த வரிசை.

1. ஆபீஸ் எங்கன்னு சரியா கேளுங்க

"ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோட்டுல) வேலை"ன்னு சொன்னா பத்தாது. தரமணி டைடல் பார்க்கும் ஓஎம்ஆர்தான், சிறுசேரி சிப்காட்டும் ஓஎம்ஆர்தான், நடுவுல இருபது கிலோமீட்டருக்கு மேல இருக்கு. அதே மாதிரி "போரூர் பக்கம்"னா ராமாபுரமா மணப்பாக்கமா, "அம்பத்தூர்"னா எஸ்டேட் உள்ளயா இல்ல பாடி பக்கமா, "ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி"ன்னா ஒரகடமா, கம்பெனி பஸ் எந்த ஏரியா வரைக்கும் வருது, எல்லாத்தையும் எச்ஆர் கிட்ட கேட்டுருங்க. ஷிப்ட் என்ன, வாரத்துல எத்தன நாள் ஆபீஸ் வரணும், ப்ராஜெக்ட் மாறினா வேற பில்டிங்குக்கு அனுப்புவாங்களா, நைட் ஷிப்ட்னா கேப் உண்டான்னும் கேளுங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல பெண்களுக்கு வேலை போடணும்னா அவங்க எழுத்துல சம்மதம் குடுத்திருக்கணும், போக்குவரத்து வசதியும் கம்பெனியே பண்ணித் தரணும்னு இங்க விதியே இருக்கு, அதனால இதைக் கேக்குறதுக்குத் தயங்கவே வேணாம்.

வீட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்கன்னா, நடுவுல ஒரு இடம் பாக்குறதுதான் எல்லாருக்கும் தோணும். அது பல சமயம் ரெண்டு பேருக்குமே கஷ்டமா முடியுது. ராத்திரி லேட்டா வர்றவங்களுக்கு எது பக்கமோ அதை வைங்க, பகல்ல போய்ட்டு வர்றவங்க கொஞ்சம் கூடுதலா டிராவல் பண்ணிக்கலாம்.

2. லைனைப் பிடிங்க

சென்னைல தண்டவாளம் மேல போறவங்களுக்கு ஒரு வாழ்க்கை, ரோட்டுல போறவங்களுக்கு வேற வாழ்க்கை. ரோட்டுல நாப்பது நிமிஷத்துல போன தூரம் மழை நாள்ல ரெண்டு மணி நேரம் ஆகும், ட்ரெயின்ல அவ்ளோ வித்தியாசம் வராது.

பீச்–தாம்பரம்–செங்கல்பட்டு லோக்கல் ட்ரெயின்தான் தெக்குப் பக்கத்துக்கு முதுகெலும்பு. பீச்சுல இருந்து தாம்பரத்துக்கு சாதா டிக்கெட் இன்னும் பத்து ரூபாதான், சீசன் எடுத்தா இன்னும் கம்மி. 2025 ஏப்ரல்ல இருந்து ஏசி லோக்கலும் ஓடுது, அதுக்கு டிக்கெட் ஜாஸ்தி. இதுல புதுசா வர்றவங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு: நெறைய வண்டி தாம்பரத்தோட நின்னுரும். தாம்பரம் வரைக்கும் அடுத்தடுத்து ட்ரெயின் இருக்கும், அதுக்கு அந்தப் பக்கம் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரின்னு போகப் போக இடைவெளி கூடிக்கிட்டே போகும், ராத்திரில இன்னும் மோசம். மேப்ல பாத்தா குரோம்பேட்டைக்கும் கூடுவாஞ்சேரிக்கும் கொஞ்சம் ஸ்டேஷன்தான் வித்தியாசம் மாதிரி தெரியும், பத்து மணி ராத்திரில பிளாட்பார்ம்ல நிக்கும்போதுதான் அது வேற கதைன்னு புரியும். ஞாயித்துக்கிழமை டைம்டேபிளும் வேற, பராமரிப்பு வேலைன்னு அடிக்கடி வண்டி ரத்து பண்ணுவாங்க, வீக்கெண்ட் ஷிப்ட் உள்ளவங்க இதையும் சேத்து யோசிங்க.

மேக்க சென்ட்ரல்–அரக்கோணம் லைன்ல வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி. வடக்க கும்மிடிப்பூண்டி லைன். பறக்கும் ரயில் பீச்சுல கிளம்பி மயிலாப்பூர், திருவான்மியூர், தரமணி, வேளச்சேரின்னு வரும், டைடல் பார்க் பக்கம் வேலைன்னா திருவான்மியூர் ஸ்டேஷன்ல இறங்குனா போதும், அதுக்காக மந்தைவெளி கோட்டூர்புரம் பக்கம் வீடு பாக்குறவங்க உண்டு. மெட்ரோல நீல லைன் விம்கோ நகர்ல இருந்து ஏர்போர்ட் வரைக்கும், பச்சை லைன் சென்ட்ரல்ல இருந்து கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர், ஈக்காட்டுத்தாங்கல் வழியா பரங்கிமலைக்கு. காலைல அஞ்சு மணியிலிருந்து ராத்திரி பதினொண்ணு சுமார் வரைக்கும் ஓடுது. கிண்டியும் பரங்கிமலையும் லோக்கல் ட்ரெயினும் மெட்ரோவும் சேர்ற எடம், அதனால ஆபீஸ் மாறினாலும் வீடு மாத்த வேண்டாத சௌகரியம் அந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கு. நங்கநல்லூர், ஆலந்தூர், ஆதம்பாக்கம்லாம் வாடகை கொஞ்சம் கூடன்னாலும் ஆளுங்க விடாம புடிச்சுக்கிட்டு இருக்குறதுக்கு அதுதான் காரணம்.

சிக்கல் எங்கன்னா கிழக்கு மேற்காப் போறது. தாம்பரத்துல இருந்து சோழிங்கநல்லூர் மேப்ல பக்கம்தான், ஆனா அங்க போக ட்ரெயின் கிடையாது, மேடவாக்கம் ரோட்டுலயோ பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டுலயோதான் போகணும், பீக் அவர்ல அதுல தினமும் போறது உடம்பைத் தின்னுரும். சோழிங்கநல்லூருக்குத் தெக்க வேலைன்னா ஓஎம்ஆர்லயே வீடு பாக்குறதுதான் நல்லது.

இன்னொண்ணு, கட்டிக்கிட்டு இருக்குற மெட்ரோவுக்கு இப்பவே வாடகை குடுக்காதீங்க. ரெண்டாம் கட்ட மெட்ரோ மூணு லைன், மொத்தம் 118.9 கிலோமீட்டர், மாதவரத்துல இருந்து சிப்காட் போறது ஓஎம்ஆர் வழியா வருது, சோழிங்கநல்லூர் போறது மடிப்பாக்கம் மேடவாக்கம் வழியா வருது. "மெட்ரோ வரப்போகுது சார்"னு ஹவுஸ் ஓனர் சொல்லுவாரு. வரட்டும், நல்லதுதான். ஆனா நீங்க வீடு பாக்குற அன்னைக்கு அந்த ஸ்டேஷன்ல வண்டி ஓடுதான்னு மட்டும் பாருங்க. ஓடலைன்னா தடுப்பும் பள்ளமும் டைவர்ஷனும்தான் உங்க பங்குக்கு வரும்.

3. வாசல்ல இருந்து சீட்டு வரைக்கும் நேரம் போட்டுப் பாருங்க

கூகுள் மேப் காட்டுற நேரத்தை மட்டும் நம்பாதீங்க, அதுல எல்லாம் சேராது. லிப்ட், தெருமுனை வரைக்கும் நடை, ஷேர் ஆட்டோ நிரம்புற வரைக்கும் வெயிட்டிங், ட்ரெயினுக்கு வெயிட்டிங், இறங்கி படி ஏறி ரோடு கிராஸ் பண்றது, ஆபீஸ் கேட்ல இருந்து பிளாக் வரைக்கும் போறது, எல்லாம் சேரணும். திங்கள் இல்ல செவ்வாய்க்கிழமை காலைல, நீங்க உண்மையிலேயே கிளம்பப்போற நேரத்துக்கு, ஒருதடவை முழுசா போய்ப் பாருங்க. சாயங்காலம் திரும்பியும் வாங்க, ஏன்னா காலை ரூட்டும் சாயங்கால ரூட்டும் ஒரே நேரம் எடுக்காது. பஸ்ஸுன்னா 570, 102, 29சி மாதிரி எப்பவும் இருக்குற நம்பர் அந்த ஸ்டாப்ல நிக்குதான்னு பாருங்க, மணிக்கு ஒண்ணு வர்ற நம்பரை நம்பி வீடு எடுக்க வேணாம். சென்னை ஒன் ஆப்ல பஸ் எங்க வருதுன்னு பாத்துக்கலாம், பஸ் மெட்ரோ லோக்கல் மூணுக்கும் டிக்கெட்டும் எடுக்கலாம். பெண்களுக்கு 2021 மே மாசத்துல இருந்து சாதாரண கட்டண பஸ்ல டிக்கெட்டுக்குக் காசே கிடையாது, மாசக் கணக்குல இது பெரிய தொகை, அந்த வகை பஸ் உங்க ரூட்டுல எத்தன ஓடுதுன்னும் விசாரிங்க.

டூவீலர்ல போறவங்க நேரத்தை மட்டும் பாக்காதீங்க, ரோட்டையும் பாருங்க. லாரி போற ரோடா, ராத்திரி லைட் இருக்கா, யூ-டர்ன் எங்க எடுக்கணும், மெட்ரோ தடுப்புக்கு நடுவுல வண்டி எப்படிப் போகுது. திருட்டு பயம், வழிப்பறி பயம்னு யோசிக்கிற நாம ஆக்சிடென்ட்டைக் கணக்குலயே சேக்குறது இல்ல, தினமும் அம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டுறவருக்கு உண்மையான ஆபத்து அதுதான். முடிஞ்சா ஸ்டேஷன் வரைக்கும் மட்டும் வண்டி, அங்க பார்க்கிங்ல போட்டுட்டு ட்ரெயின்னு ரூட்டை அமைச்சுக்குங்க.

4. கடைசி ஒரு கிலோமீட்டர்

எல்லாத்தையும் விட இதுதாங்க முக்கியம், இதுக்கு ஒரு ராத்திரி ஒதுக்குங்க. நீங்க எப்ப வேலை முடிஞ்சு வருவீங்களோ அந்த நேரத்துக்கு, ஒம்பதரையோ பத்தரையோ, ஸ்டேஷன்ல இறங்கி அந்த வீட்டு வரைக்கும் நடந்தே போங்க. பைக்ல போனா ஒண்ணும் தெரியாது.

நடக்கும்போது என்ன பாக்கணும்? தெருவிளக்கு வரிசையா எரியுதா, மரக்கிளை மறைச்சிருக்கா. எந்தக் கடை தொறந்திருக்கு, மெடிக்கல் ஷாப், டிபன் கடை, பால் கடை, இதுல ரெண்டு தொறந்திருந்தா அந்த வழி நல்ல வழி. காலி மனை வரிசையா இருக்கா. டாஸ்மாக் எங்க இருக்கு, அது மூடுற பத்து மணிக்கு அங்க கூட்டம் எப்படி நிக்குது. ரயில்வே சப்வே வழியா போகணும்னா அதுல லைட் எரியுதா, ஆள் நடமாட்டம் இருக்கா. பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் சிலது பெரிய கட்டடம், ராத்திரில ஆளே இருக்காது, படிக்கட்டும் நடைபாதையும் இருட்டா கிடக்கும், அந்த ஸ்டேஷனை நம்பி வீடு எடுக்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா ராத்திரி ஒருதடவை இறங்கிப் பாருங்க. தெருநாய் எத்தன, கும்பலா துரத்துதா, நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடுங்குறதும் ரொம்ப முக்கியம். கிழக்குத் தாம்பரம் மேற்குத் தாம்பரம்னு பிரிச்சுச் சொல்றது சும்மா இல்ல, அந்தப் பக்கம் போக ஒரு சப்வேயோ மேம்பாலமோ சுத்திப் போகணும். ஜிஎஸ்டி ரோடு மாதிரி பெரிய ரோட்டைக் கடக்கணும்னா நடைமேம்பாலம் எங்க இருக்குன்னு பாருங்க, வயசான அம்மா அப்பா கூட இருந்தா அவங்க அதுல ஏற முடியுமான்னும் பாருங்க.

அப்புறம் யார் கிட்ட விசாரிக்கணும்? புரோக்கர் கிட்ட இல்ல. தெருமுனைல இஸ்திரி போடுறவர், பால் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட், இவங்களுக்குத்தான் அந்தத் தெரு தெரியும். "இங்க சேஃபா இருக்குமா"ன்னு கேட்டா எல்லாரும் நல்ல ஏரியாம்மான்னுதான் சொல்லுவாங்க. "பத்து மணிக்கு மேல பொம்பளைங்க தனியா நடந்து வர்றாங்களா, கடை எத்தன மணி வரைக்கும் வைப்பீங்க, பைக் ஏதும் காணாம போச்சா, செயின் அறுப்பு நடந்துச்சா"ன்னு குறிப்பா கேளுங்க, பதில் தானா வரும். அந்த பில்டிங்ல ஏற்கனவே குடியிருக்குற ஒரு பொண்ணு கிட்டயோ அக்கா கிட்டயோ அஞ்சு நிமிஷம் பேசுனா இன்னும் நல்லது. எங்க கூட வேலை பாத்த ஒரு பொண்ணு வீடு பிடிச்சிருந்தும், மாடி வீட்டு அக்கா "நான் எட்டு மணிக்கு மேல வந்தா எங்க வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிட்டு வருவாரு"ன்னு சாதாரணமா சொன்ன ஒரே வார்த்தைல வேணாம்னு வந்துருச்சு. சரியான முடிவு.

இங்க ஒண்ணு அழுத்திச் சொல்லணும். "நார்த் மெட்ராஸா, அய்யய்யோ"ன்னு பேசுறவங்களை நம்பி பெரம்பூர், கொளத்தூர், வண்ணாரப்பேட்டையெல்லாம் பாக்காமலே ஒதுக்காதீங்க. வாசல்ல உக்காந்து பேசிக்கிட்டு இருக்குற ஆளுங்க, பதினொரு மணி வரைக்கும் நடக்குற கடை, எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்ச தெரு, இதுல தனியா நடந்து வர்றதுக்கும், ரெண்டு பக்கமும் பெரிய காம்பவுண்டு சுவர், ஒரு ஜன்னல் கூட ரோட்டைப் பாக்காத பணக்காரத் தெருல நடந்து வர்றதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு நடந்து பாத்தவங்களுக்குத் தெரியும். அதே மாதிரி நாவலூர், படூர், சிறுசேரி பக்கம் பெரிய அபார்ட்மெண்ட், கேட்டுக்குள்ள செக்யூரிட்டி, கேமரா எல்லாம் இருக்கு, ஆனா மெயின் ரோட்டுல இருந்து கேட் வரைக்கும் உள்ள அந்த ரோடு? அதை யாரும் விளம்பரத்துல காட்டுறது இல்ல. உங்க பாதுகாப்பு அந்த ரோட்டுலதான் இருக்கு.

5. தண்ணி, ரெண்டு விதத்துலயும்

சென்னைல பாதுகாப்புன்னு பேசும்போது வெள்ளத்தை விட்டுட்டுப் பேசவே முடியாது. 2015 டிசம்பர்ல அடையாறு கரை ஓரத்துல முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம்னு வரிசையா முழுகுச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர். பள்ளிக்கரணை சதுப்பு நிலம்தான் தென் சென்னையோட ஏரித் தண்ணியெல்லாம் கடைசில வந்து சேர்ற எடம், 2022-ல அதுக்கு உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு ராம்சர் அங்கீகாரமே கிடைச்சுது, அதைச் சுத்திக் கட்டடம் ஏற ஏற தண்ணி போக எடமில்லாம தெருவுக்குள்ள வருது.

ஆனா "வேளச்சேரி முழுகும்"னு மொத்தமா சொல்றதும் தப்பு. ஒரே ஏரியால ஒரு தெரு முட்டிக்கால் தண்ணில நிக்கும், அடுத்த தெரு காய்ஞ்சு கிடக்கும். அதனால தெருத் தெருவா பாருங்க. காம்பவுண்டு சுவர்ல பழைய தண்ணிக் கறை கோடு எந்த உயரத்துல இருக்கு. பழைய வீட்டு வாசல் ரோட்டை விட கீழ இறங்கிப் போச்சா, ரோடு போட்டுப் போட்டு மேல ஏறின தெருல தண்ணி நேரா வீட்டுக்குள்ளதான் வரும். கடைக்காரங்க வாசல்ல ஒரு அடி திண்டு கட்டியிருந்தா, காரணம் இல்லாம கட்டியிருக்க மாட்டாங்க. ஈபி மீட்டர் பெட்டியை மேல தூக்கி மாட்டியிருக்காங்களா, இல்ல தரையோட இருக்கா. தண்ணில கரண்ட் பாஞ்சும் மழைல உயிர் போகுது, அதனால இதை லேசா விடாதீங்க. "2015-ல எவ்ளோ வந்துச்சு, 2023-ல எத்தன நாள் கரண்ட் இல்ல"ன்னு வருஷம் சொல்லிக் கேளுங்க, தெருல பத்து வருஷமா இருக்குறவங்க கையால உயரம் காட்டியே சொல்லிருவாங்க. சந்தேகமா இருந்தா கீழ் வீடு வேணாம், முதல் மாடி எடுங்க. மழை சீசன்ல வீடு தேடுறது கஷ்டம்தான், ஆனா அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பாத்த வீடு பொய் சொல்லாது.

போற வழியும் முழுகுமான்னு பாக்கணும். தி.நகர் துரைசாமி சப்வே, வியாசர்பாடி பக்கம் கணேசபுரம் சப்வே மாதிரி இடங்கள்ல பெருமழைக்கு போக்குவரத்தை நிறுத்திருவாங்க, வீடு காய்ஞ்சு இருந்தாலும் நீங்க வெளிய போக முடியாது.

இன்னொரு பக்கம் கோடை. 2019-ல சென்னைக்குக் குடிதண்ணி குடுக்குற நாலு ஏரியும் வறண்டப்ப ஓஎம்ஆர்ல கம்பெனிங்களே ஆளுங்களை வீட்ல இருந்து வேலை பாக்கச் சொன்னாங்க. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணி) லைன் இருக்கா, இல்ல முழுக்க தண்ணி லாரியா, லாரிச் செலவு மெயின்டனன்ஸ்ல சேருதா, போர் தண்ணி உப்பான்னு கேட்டு வைங்க.

6. காத்து

சுருக்கமா. எண்ணூர், மணலி பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரக் கம்பெனி, அனல்மின் நிலையம் எல்லாம் இருக்கு. 2023 டிசம்பர் மாசக் கடைசில பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு ராத்திரியோட ராத்திரியா ஜனங்க வீட்டை விட்டு ஓடினாங்க. கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குப் பக்கம் காத்து அடிக்கிற திசையைப் பொறுத்து நாத்தமும் புகையும் வரும். ஆஸ்துமா உள்ளவங்க, கைக்குழந்தை உள்ளவங்க சாயங்காலம் ஒருதடவை அங்க நின்னு பாத்துட்டு முடிவெடுங்க.

7. கணக்குப் போடுங்க

கிண்டில ஆபீஸ்னு வச்சுக்குவோம். கூடுவாஞ்சேரில இருந்து வாசலுக்கு வாசல் ஒன்றரை மணி நேரம், குரோம்பேட்டைல இருந்து அம்பது நிமிஷம். ஒரு வழிக்கு 40 நிமிஷ வித்தியாசம், போக வர 80 நிமிஷம், மாசம் 22 நாள்னா 29 மணி நேரத்துக்கு மேல. குரோம்பேட்டைல வாடகை 5,000 ரூபா கூடன்னா நீங்க ஒரு மணி நேரத்தை 170 ரூபா சொச்சத்துக்கு விலை குடுத்து வாங்குறீங்க. அது உங்களுக்கு கட்டுபடியாகுமாங்குறது உங்க சம்பளம், வீட்ல யார் காத்துக்கிட்டு இருக்காங்கங்குறதைப் பொறுத்தது, நான் சொல்ல முடியாது. சின்னக் குழந்தை இருக்குற வீட்டுக்கு அந்த 80 நிமிஷம் விலை மதிக்க முடியாததுன்னு மட்டும் சொல்லுவேன். இதோட, கடைசி வண்டியை விட்டுட்டா கேப்ல வர எவ்ளோ ஆகும், மாசத்துல எத்தன ராத்திரி அப்படி ஆகும்னும் சேத்துக்குங்க.

8. சாவி வாங்குறதுக்கு முன்னாடி

மெயின் கேட் ராத்திரி எத்தன மணிக்குப் பூட்டுறாங்க, உங்களுக்குத் தனிச் சாவி உண்டா. பல வீட்ல "பத்து மணிக்குள்ள வந்துரணும்"னு சேந்ததுக்கப்புறம்தான் சொல்றாங்க, ஷிப்ட் உள்ளவங்களுக்கு அதை விட பெரிய தொல்லை இல்ல. பூட்டை மாத்திக்க ஓனர் சம்மதிப்பாரான்னு கேளுங்க. மொட்டை மாடிக் கதவு, பாத்ரூம் ஜன்னல் கம்பி, படிக்கட்டு லைட், எல்லாத்தையும் தொட்டுப் பாருங்க. பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி)ன்னா வெளிய போக ரெண்டாவது வழி இருக்கான்னு பாருங்க, ஒரே ஒரு குறுகின படிக்கட்டு, அதுவும் கேஸ் சிலிண்டர் பக்கத்துல இருந்தா அந்த இடம் வேணாம்.

போலீஸ் எல்லையும் தெரிஞ்சு வைங்க. 2022 ஜனவரில இருந்து தாம்பரம், ஆவடி ரெண்டும் தனித்தனி போலீஸ் கமிஷனரேட், உங்க தெரு எந்த ஸ்டேஷன் லிமிட்டுன்னு முதல் வாரமே கேட்டுக்குங்க. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, ட்ரெயின்ல ஏதும்னா 139, தெருவிளக்கு எரியலைன்னாலோ தண்ணி தேங்கினாலோ சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ள 1913.

அக்ரிமெண்ட் பெரும்பாலும் 11 மாசம் போடுவாங்க. அதுல லாக்-இன் (நடுவுல காலி பண்ண முடியாத காலம்) எத்தன மாசம்னு படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க, முதல் தடவை சென்னை வர்றவங்க முடிஞ்ச வரைக்கும் அதைக் குறைச்சு, ஒரு மாச நோட்டீஸ்ல காலி பண்ற மாதிரி கேளுங்க. அட்வான்ஸ்ல பெயிண்டிங்குக்கு எவ்ளோ புடிப்பாங்கன்னும் எழுத்துல வாங்கிருங்க. ஆபீஸ் மாறலாம், ஷிப்ட் மாறலாம், முதல் மழைலயே அந்தத் தெரு எப்படின்னு தெரிஞ்சுரலாம், அப்ப அட்வான்ஸ் போயிருமேன்னு அங்கயே மாட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.